ஒரே வேகம் என்ற ஊகம்: அயன் டொனால்டும் ஸ்கேன் படத்தின் கதையும்

1957ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவமனை ஒன்றில், வயிறு பெரிதும் வீங்கிய நிலையில் பெண்மணி ஒருவர் படுத்திருந்தார். உடல் மெலிந்துகொண்டே வந்தது. வாந்தி நிற்கவில்லை. இரைப்பைப் புற்றுநோய் முற்றிவிட்டது, வயிற்றறையில் நீர் கோத்துவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்திருந்தனர்.

அதே நகரில் மகப்பேறியல் பேராசிரியராக இருந்த அயன் டொனால்டிடம் அப்போது ஒரு விநோதமான கருவி இருந்தது. உலோகத்தில் விரிசல் தேடுவதற்காகத் தொழிற்சாலைகளில் பயன்படுத்தப்பட்ட வகைக் கருவி அது. அதன் முனையை அந்தப் பெண்ணின் வயிற்றின் மீது வைத்துப் பார்க்குமாறு அவரிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது.

வயிற்றறையில் நீர் பரவியிருந்தால் குடல்கள் அதில் மிதந்து நடுப்பகுதிக்கு வரும். அங்கிருந்து எதிரொலிகள் கிடைக்கும். ஆனால் திரையில் நடுப்பகுதி வெறுமையாக இருந்தது. வெகு தொலைவில், தெளிவான ஒரு சுவரிலிருந்து மட்டுமே எதிரொலி திரும்பியது. சுவர் சூழ்ந்த பெரிய நீர்க்கட்டிக்கு உரிய அடையாளம் அது. அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. சூலகத்திலிருந்து வளர்ந்திருந்த, புற்றுநோய் அல்லாத கட்டி முழுமையாக அகற்றப்பட்டது. அந்தப் பெண் உயிர் பிழைத்தார்.

இன்று உலகெங்கும் கருவுற்ற பெண்களுக்குச் செய்யப்படும் ஸ்கேன் பரிசோதனையின் வரலாற்றில் இது ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. அந்தக் கருவி காட்டும் படம் எந்த அளவுக்கு உண்மை, அதில் எங்கே பிழை நுழைகிறது என்ற கேள்வியும் டொனால்டின் வாழ்க்கையோடு சேர்ந்தே வளர்ந்தது.

இழப்புகளும் போரும்

அயன் டொனால்ட் 1910ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி இங்கிலாந்தின் தென்மேற்கே கார்ன்வால் பகுதியில் உள்ள லிஸ்கர்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்துப் பின்னணி கொண்ட மருத்துவர். தாய் பியானோ இசைக் கலைஞர். தந்தையின் உடல்நலம் கருதிக் குடும்பம் தென்னாப்பிரிக்காவில் குடியேறியது. அங்கே, டொனால்ட் பதின்வயதில் இருந்தபோது, தாயும் தந்தையும் சில மாத இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர்.

கேப் டவுனில் மொழிகளும் இசையும் படித்துப் பட்டம் பெற்ற பிறகு பிரிட்டன் திரும்பிய அவர், லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1937இல் தேர்ச்சி பெற்றார்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் மருத்துவராகப் பணியாற்றினார். தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்த, குண்டுகள் இன்னும் அகற்றப்படாத விமானத்துக்குள் நுழைந்து விமானப்படையினரை மீட்டதற்காக அவருக்கு எம்.பி.இ. விருது வழங்கப்பட்டது. ரேடார், சோனார் ஆகிய தொழில்நுட்பங்களோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டதும் இந்தக் காலத்தில்தான். கண்ணுக்குத் தெரியாத பொருளை, அனுப்பிய அலை திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு அறியலாம் என்ற கருத்து அவர் மனதில் அப்போதே பதிந்தது.

போருக்குப் பின்னர் லண்டனில் பணியாற்றியபோது, மூச்சுவிடத் திணறும் பச்சிளம் குழந்தைகளுக்கு உதவும் சுவாசக் கருவிகளை உருவாக்குவதில் அவர் ஈடுபட்டார். இயந்திரங்களின் மீது அவருக்கிருந்த அளவு கடந்த ஈடுபாட்டைக் கண்டு உடன் பணியாற்றியவர்கள் அவரைக் கிறுக்கர் டொனால்ட் என்று கேலியாக அழைத்ததும் உண்டு.

கொதிகலன் ஆலையில் ஒரு நாள்

1954இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறியல் துறைத் தலைமைப் பொறுப்பு டொனால்டுக்குக் கிடைத்தது. கிளைட் நதிக்கரையில் கப்பல் கட்டும் தளங்களும் எந்திர ஆலைகளும் நிறைந்த நகரம் அது. வறுமையும் எலும்புருக்கும் ரிக்கெட்ஸ் நோயும் பல தலைமுறைப் பெண்களின் இடுப்பெலும்பைக் குறுக்கிவிட்ட நகரமும் அதுவே. குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்பு வழியே வருமா என்ற கேள்வி அங்கே பல பெண்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

டொனால்டிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் கணவர், கொதிகலன்கள் தயாரிக்கும் பாப்காக் அண்டு வில்காக்ஸ் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர். அவர் வழியாகக் கிடைத்த அழைப்பை ஏற்று, 1955 ஜூலை 21ஆம் தேதி டொனால்ட் ரென்ஃப்ரூ நகரில் உள்ள அந்த ஆலைக்குச் சென்றார். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கருப்பைக் கட்டிகளும் சூலக நீர்க்கட்டியும் கார்களில் அவரோடு சென்றன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆலைத் தரப்பில் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

இரும்பில் விரிசல் தேடும் கருவி, கெட்டியான கட்டிக்கும் நீர் நிறைந்த கட்டிக்கும் தெளிவான வேறுபாட்டைக் காட்டியது. அன்று கிடைத்த முடிவுகள் தாம் எதிர்பார்த்ததைவிட மேலானவை என்று டொனால்ட் கருதினார்.

அடுத்த திருப்பத்துக்குக் காரணமானவர் டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர். கெல்வின் அண்டு ஹியூஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அவர், பேராசிரியர் ஒருவர் உலோகச் சோதனைக் கருவியை மனிதர்கள் மீது பயன்படுத்துகிறார் என்று கேள்விப்பட்டுத் தாமாகவே டொனால்டைத் தொலைபேசியில் தொடர்புகொண்டார். டொனால்ட், அவரது உதவி மருத்துவர் ஜான் மக்விகார், பிரவுன் ஆகிய மூவரின் கூட்டு முயற்சியில், தோல் மீது எண்ணெய் தடவி முனையை நேரடியாக நகர்த்திப் படம் எடுக்கும் கருவி உருவானது. மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1958 ஜூன் 7ஆம் தேதி லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. கருவில் இருக்கும் சிசுவின் தலையும் அதில் படமாக இடம்பெற்றது.

வியன்னாவின் பாடம்

மனித உடலுக்குள் ஒலியால் பார்க்க முயன்ற முதல் மனிதர் டொனால்ட் அல்ல. ஆஸ்திரியாவின் வியன்னாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கார்ல் டுசிக், 1940களிலேயே தலையின் ஒரு பக்கத்திலிருந்து மீயொலியைச் செலுத்தி மறுபக்கம் அதைப் பதிவுசெய்து, மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளைப் படம் பிடித்ததாக அறிவித்திருந்தார். அந்தப் படங்கள் பெரும் நம்பிக்கையை ஏற்படுத்தின.

ஆனால் 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் நடந்த ஆய்வுகள், மூளை இல்லாத வெற்று மண்டையோட்டை நீரில் வைத்துச் சோதித்தாலும் அதே போன்ற உருவங்கள் தோன்றுவதைக் காட்டின. படத்தில் தெரிந்தது மூளையின் அமைப்பு அல்ல. எலும்பு ஒலியை வளைத்தும் உறிஞ்சியும் ஏற்படுத்திய வெறும் தோற்றம் என்பது தெளிவானது. மீயொலிப் படங்களைப் பற்றி மருத்துவ உலகில் நிலவிய அவநம்பிக்கைக்கு இதுவும் ஒரு காரணம். டொனால்ட் களமிறங்கியது இந்தச் சூழலில்தான்.

1540 என்ற எண்

ஸ்கேன் கருவி உண்மையில் தூரத்தை அளப்பதில்லை. அது அளப்பது நேரத்தை மட்டுமே. முனையிலிருந்து மிகச் சிறிய ஒலித் துடிப்பு ஒன்று உடலுக்குள் செல்கிறது. திசுக்களின் எல்லைகளில் பட்டு அதன் ஒரு பகுதி திரும்புகிறது. போய்வர எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கொண்டு, அந்த எல்லை எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று கருவி கணக்கிடுகிறது. இந்தக் கணக்குக்கு ஒலியின் வேகம் தெரிய வேண்டும்.

அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் லட்விக், மென்மையான திசுக்களில் ஒலி விநாடிக்குச் சராசரியாக 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று 1950ஐ ஒட்டிய காலத்தில் அளந்து வெளியிட்டிருந்தார். அந்தச் சராசரி எண்ணே பின்னர் கருவிகளின் பொது வேகமாக நிலைபெற்றது. இதன்படி 1 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சென்று திரும்ப ஏறக்குறைய 13 மைக்ரோ விநாடி ஆகிறது.

ஆனால் உடல் ஒரே பொருளால் ஆனது அல்ல. கொழுப்பில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1450 மீட்டர். கல்லீரலில் 1570, தசையில் 1580 மீட்டர் அளவில் இருக்கும். எலும்பில் இது இரண்டு மடங்குக்கும் அதிகம். கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஒலி எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில், நேர்கோட்டில் சென்றது என்று எடுத்துக்கொண்டு அது படத்தை வரைகிறது.

இதனால் மூன்று வகைப் பிழைகள் ஏற்படுகின்றன. முதலாவது, இடம் தவறுதல். வயிற்றில் 5 சென்டிமீட்டர் கொழுப்பு இருந்தால், அதில் ஒலி மெதுவாகச் செல்வதால், அதற்குப் பின்னால் உள்ள உறுப்பு உண்மையான இடத்தைவிடச் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதாகப் படம் காட்டும்.

இரண்டாவது, திசை மாறுதல். நீருக்குள் பாதி இறங்கிய கோல் வளைந்து தெரிவதைப் போல, வேகம் மாறும் எல்லையைச் சாய்வாகக் கடக்கும் ஒலியும் வளைகிறது. வளைந்து சென்று திரும்பிய எதிரொலியைக் கருவி நேர்த்திசையிலிருந்து வந்ததாகவே பதிவு செய்யும்.

மூன்றாவது, கூர்மை குலைதல். ஒலிக்கற்றையை ஒரு புள்ளியில் குவிப்பதற்கு அதன் எல்லாப் பகுதிகளும் அங்கே ஒரே நேரத்தில் சென்று சேர வேண்டும். வழியில் கொழுப்பும் தசையும் மாறிமாறி அமைந்திருந்தால் சில பகுதிகள் முந்தும், சில பிந்தும். குவியம் சிதறிப் படம் மங்கும்.

டொனால்டின் தொடக்ககாலக் கருவிகளில் இந்தக் குறை தனி வடிவம் எடுத்தது. அவற்றில் முனை வயிற்றின் மீது பல கோணங்களில் நகர்த்தப்பட்டு, எல்லாக் கோணங்களின் எதிரொலிகளும் ஒரே படத்தில் சேர்க்கப்பட்டன. ஒரு புள்ளியை வலப்புறமிருந்தும் இடப்புறமிருந்தும் பார்க்கும்போது ஒலி கடக்கும் திசுக்கள் வேறுபடுவதால், ஒரே புள்ளி இரு வேறு இடங்களில் பதிவாகும். கோடு பட்டையாகும், பட்டை மங்கலாகும்.

தலையின் அளவும் தேதியும்

இந்தப் பிழை எங்கே மிகவும் முக்கியமானது என்றால், சிசுவின் தலையை அளக்கும் இடத்தில்தான். டொனால்டின் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் வில்லாக்ஸ் 1960களின் தொடக்கத்தில் சிசுவின் தலை அகலத்தை மீயொலியால் அளக்கும் முறையை உருவாக்கினார். பின்னர் அதே நகரில் ஸ்டூவர்ட் கேம்பல் 1968இல் அந்த முறையை மேலும் துல்லியமாக்கினார். கருவின் வயதும் வளர்ச்சியும் இந்த அளவிலிருந்து கணிக்கப்பட்டன.

ஆனால் எந்த வேகத்தைக் கொண்டு கணக்கிடுவது என்பதில் ஒருமித்த நிலை இருக்கவில்லை. பிரிட்டனில் பயன்பட்ட பட்டியல்கள் பல, விநாடிக்கு 1600 மீட்டர் என்ற வேகத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தன. வேறு நாடுகளில் 1540 மீட்டர் வழக்கத்தில் இருந்தது. வேறுபாடு 4 சதவீதம் மட்டுமே. ஆயினும் ஒரு கருவி 90 மில்லிமீட்டர் என்று காட்டும் தலையை மற்றொரு கருவி 93.5 மில்லிமீட்டர் என்று காட்டும். கர்ப்பத்தின் இறுதி வாரங்களில் சிசுவின் தலை வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் மட்டுமே அகலம் கூடுகிறது. எனவே, ஒரு வேகத்துக்கு அமைக்கப்பட்ட கருவியால் அளந்து மற்றொரு வேகத்தில் தயாரித்த பட்டியலோடு ஒப்பிட்டால், கருவின் வயது ஒன்றரை வாரத்துக்கும் மேல் பிழையாகிவிடும். நன்றாக வளரும் குழந்தை வளர்ச்சி குன்றியதாகத் தோன்றலாம். பிரசவத்தை முன்கூட்டியே தூண்டுவதா, காத்திருப்பதா என்ற முடிவு அந்த எண்ணைப் பொறுத்தே எடுக்கப்பட்டது.

எந்தப் பட்டியல் எந்த வேகத்தில் தயாரிக்கப்பட்டது என்பதை மருத்துவர் அறிந்திருக்க வேண்டியது கட்டாயமாயிற்று. கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன் 1973இல் அறிமுகப்படுத்திய முறை, கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் கருவின் உச்சி முதல் பிட்டம் வரையான நீளத்தை அளந்து வயதைக் கணித்தது. அந்தக் காலத்தில் கரு மிகச் சிறியது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்வது. ஆகவே அதே 4 சதவீதப் பிழை ஏற்பட்டாலும் ஓரிரு நாள் மட்டுமே மாறும். பிரசவத் தேதியைக் கணிக்க முதல் மூன்று மாதங்களில் செய்யப்படும் ஸ்கேன் நம்பகமானது என்று இன்றும் கூறப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இல்லாத இரட்டையர்

ஒலி வளைவதால் ஏற்படும் குழப்பத்துக்கு மகப்பேறியலிலேயே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. வயிற்றின் முன்சுவரில் நடுக்கோட்டின் இருபுறமும் மேலிருந்து கீழாக இரண்டு தசைகள் செல்கின்றன. அவற்றின் ஓரத்தில் கொழுப்பு இருக்கிறது. தசையும் கொழுப்பும் சேரும் இடம் முப்பட்டைக் கண்ணாடி ஒளியை வளைப்பதைப் போல ஒலியை வளைக்கிறது. விளைவாக, கருப்பையில் ஒரே ஒரு கரு இருந்தும், அருகருகே இரண்டு இருப்பதாகத் திரையில் தோன்றக்கூடும். 1980களில் மருத்துவ இதழ்கள் இதை விரிவாக விவரித்தன.

முனையைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தினால் இரண்டாவது உருவம் மறைந்துவிடும். பயிற்சி பெற்ற கை இதை விரைவில் கண்டுபிடித்துவிடும். பயிற்சி இல்லாதவரோ இரட்டைக் குழந்தைகள் என்று தாயிடம் சொல்லி, பின்னர் ஒன்று மறைந்துவிட்டது என்றும் சொல்ல நேரலாம்.

படத்தை மேம்படுத்த உடலையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதும் டொனால்டின் குழுவினர் காட்டிய வழிதான். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது அது காற்று நிறைந்த குடலை விலக்கி, கருப்பைக்கு ஒலி செல்ல ஒரே சீரான நீர்ச் சாளரத்தைத் திறந்துவிடுகிறது என்று 1963இல் அவர்கள் கண்டனர். ஆறேழு வாரக் கருவையும் பார்க்க இதனால் முடிந்தது. ஸ்கேனுக்கு முன் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லும் வழக்கம் இங்கிருந்து தொடங்கியது.

ஒப்புக்கொள்ள மறுத்த விளைவுகள்

1964இல் கிளாஸ்கோவில் திறக்கப்பட்ட குயீன் மதர்ஸ் மகப்பேறு மருத்துவமனை டொனால்டின் முயற்சியால் உருவானது. கருவியைத் தயாரித்த ஆலை 1960களின் பிற்பகுதியில் மூடப்பட்டபோது, அதன் பொறியாளர்கள் சிலரைத் தமது துறைக்கே அழைத்து ஆய்வைத் தொடர்ந்தார். ஒரு தொழில் நகரத்தின் பட்டறை அறிவும் மருத்துவமனையின் தேவையும் ஒன்றாகச் சேர்ந்ததன் விளைவே ஸ்கேன் கருவி என்று மருத்துவ வரலாற்றாளர்கள் கருதுகின்றனர்.

அதே காலத்தில் டொனால்ட் அரசியல் சர்ச்சை ஒன்றிலும் இறங்கினார். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டிருந்த அவர், கருக்கலைப்பை நிபந்தனைகளுடன் அனுமதித்த 1967ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். அசையும் கருவின் ஸ்கேன் படங்களைத் தமது வாதத்துக்குச் சான்றாகப் பொதுமேடைகளில் காட்டினார். பெண்களின் உரிமையை வலியுறுத்தியவர்கள் இதைக் கண்டித்தனர். மருத்துவக் கருவியின் படம் அரசியல் வாதமாக மாறிய தொடக்ககால நிகழ்வுகளில் இது ஒன்று.

இதில் ஒரு முரணும் உண்டு. கருவைக் காப்பதற்கான சான்றாக அவர் கண்ட அதே படம், கருவின் குறைபாடுகளை அறிந்து கர்ப்பத்தைக் கலைப்பதற்கும் வழி திறந்தது. இந்தியாவில் அது வேறொரு பாதையில் சென்றது. கருவில் இருப்பது பெண் என்று அறிந்து அழிக்கும் வழக்கம் பரவியதால், பாலினத்தை வெளிப்படுத்துவதைத் தடை செய்யும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. 2003இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. ஆறு வயதுக்கு உட்பட்டோரில் 1000 ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 ஆக இருந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை, 2001இல் 927 ஆகக் குறைந்திருந்தது. தமிழ்நாடு உட்பட இந்தியாவின் ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் இன்று காணப்படும் அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

எஞ்சியிருப்பது

டொனால்ட் 1976இல் ஓய்வுபெற்றார். இதய நோயால் நீண்டகாலம் அவதிப்பட்டு, பெரிய அறுவை சிகிச்சைகளுக்கு உள்ளான அவர், 1987 ஜூன் 19ஆம் தேதி இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள பேகிள்ஷம் என்ற கிராமத்தில் காலமானார். அவர் உருவாக்கிய குயீன் மதர்ஸ் மருத்துவமனை 2010இல் மூடப்பட்டது.

அவரது காலத்துக்குப் பின்னர் கருவிகள் வெகுவாக மாறிவிட்டன. இன்றைய முனைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு உறுப்புகள் உள்ளன. சில கருவிகள் பல வேகங்களை முயன்று பார்த்து, எந்த வேகத்தில் படம் மிகக் கூர்மையாக அமைகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கின்றன. முன்பு பிழையாக இருந்த அந்த வேறுபாட்டையே நோயின் அடையாளமாகப் பயன்படுத்தும் ஆய்வுகளும் நடைபெறுகின்றன. கல்லீரலில் கொழுப்பு கூடினால் அங்கே ஒலியின் வேகம் குறையும் என்பதே அவற்றின் அடிப்படை.

இருப்பினும் உலகின் பெரும்பாலான கருவிகள் 1540 என்ற அந்த ஒற்றை எண்ணைக் கொண்டே இன்றும் இயங்குகின்றன. உடல் பருமன் அதிகமுள்ள தாய்மாரின் ஸ்கேன் படம் தெளிவின்றி அமைவதற்கும், அதனால் சிசுவின் சில குறைபாடுகள் கண்ணில் படாமல் போவதற்கும் கொழுப்பு அடுக்கில் ஒலி சிதைவதும் ஒரு காரணமாக நீடிக்கிறது. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் 24 வாரங்களுக்கு முன் ஒரு ஸ்கேன் செய்யப்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. கருவி எட்டாத கிராமங்களுக்கும் அது சென்று சேரும்போது, படத்தை நகலெடுப்பவர் மட்டும் போதாது. படம் எங்கே பொய் சொல்லக்கூடும் என்பதை அறிந்தவரும் அங்கே தேவைப்படுவார்.

1957இல் கிளாஸ்கோவில் அந்தப் பெண்ணின் உயிரைக் காத்ததும் இந்த அறிவுதான். திரையில் அன்று தெரிந்தவை சில கோடுகள் மட்டுமே. குடல்கள் இருக்க வேண்டிய இடத்தில் எதிரொலி ஏன் வரவில்லை என்று கேட்ட பிறகே அவை ஒரு நோயாளியின் கதையாக மாறின.